சுங்கானும் சுருட்டும்: விருப்பமும் சேகரிப்பும்

புகையிலையை இட்டு எரிக்க ஒரு கிண்ணம், அதிலிருந்து வாய்வரை புகையைக் கொண்டுவர ஒரு தண்டு. இவ்விரண்டும் சேர்ந்த கருவியே சுங்கான். தெலுங்கில் இது சுங்காணி. இலங்கைத் தமிழ் எழுத்தில் சுங்கான் என்ற சொல் இன்றும் புழங்குகிறது. தமிழ்நாட்டில் அது பேச்சிலிருந்து விலகிப்போய், 'பைப்' என்ற சொல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய தமிழ்த் திரைப்படங்களில் பணக்காரத் தந்தை பட்டு அங்கி அணிந்து, மாடிப்படியில் இறங்கி வரும்போது பல்லில் கவ்வியிருப்பது இந்தப் பைப்தான். நீர் வழியாகப் புகையை இழுக்கும் உக்காவும், குயவர் சக்கரத்தில் பிறக்கும் மண் சிலும்பியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

புகையிலை என்ற சொல்லையும் சற்று நின்று பார்க்க வேண்டும். புகைக்கும் இலை என்பதே அதன் நேர்ப்பொருள். ஆனால் தமிழர் கையில் அந்த இலை, புகைந்ததை விட வெற்றிலை பாக்கோடு மெல்லப்பட்டதே அதிகம். பேச்சில் 'போயிலை' என்றால் வாயில் அடக்கும் இலைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். சீனிச்சர்க்கரைப் புலவர் இதற்கென்று ஒரு தூது இலக்கியமே செய்தார். 'புகையிலை விடு தூது' என்ற அந்த நூலை உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தார். சிவனிடம் இருந்த வில்வமும் திருமாலிடம் இருந்த துளசியும் நீரோடு போய்விட, பிரமன் தன்னிடமிருந்த இலை மட்டும் 'போகவில்லை' என்று காட்டியதால் அதற்குப் புகையிலை என்று பெயர் வந்ததாக ஒரு கதையும் உண்டு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடிக்குச் சில தலைமுறைகளுக்குள் இப்படியொரு புராணம் அமைந்தது, அது இந்த மண்ணில் எவ்வளவு விரைவாக வீட்டுப் பொருளாயிற்று என்பதைக் காட்டுகிறது.

புகைக்கும் பொருள்களைச் சேகரிப்பது பற்றிப் பேசுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. சுங்கானில் இலை எரிந்து போகும், கருவி எஞ்சும். சுருட்டில் இலையே கருவி; எரிந்து முடிந்தால் ஒரு விரற்கடை சாம்பல்தான் மிச்சம். ஐரோப்பியரின் விருப்பம் பெரும்பாலும் எஞ்சும் கருவியைச் சுற்றி வளர்ந்தது. எந்த மரம், எந்த வடிவம், யார் கைவேலை என்ற கேள்விகள் அங்கே எழுந்தன. தமிழரின் விருப்பம் எரியும் இலையைச் சுற்றி வளர்ந்தது. எந்த ஊர் இலை, எந்த மண், எப்படிப் பாடம் செய்தது என்பவையே இங்கே கேள்விகள். தமிழ்நாட்டில் சுங்கான் சேகரிப்பு ஒரு மரபாக வேரூன்றாததற்கு இதுவே முதற்காரணம். இங்கே சுவை தெரிந்தவர்கள் குறைவில்லை. அந்தச் சுவை அலமாரியில் வைக்கக்கூடிய ஒரு பொருளாக உருப்பெறவில்லை.

புகையிலை இந்தியாவுக்குப் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. 1604ஆம் ஆண்டையொட்டி, பீஜப்பூருக்குத் தூது போய்த் திரும்பிய அசத் பேக், புகையிலையையும் வேலைப்பாடு மிக்க ஒரு புகைக்குழாயையும் அக்பரிடம் கொண்டுபோனார். மருத்துவர் தடுத்தும் அக்பர் சில முறை இழுத்துப் பார்த்தார் என்று அசத் பேக்கே எழுதிவைத்திருக்கிறார். அக்பரின் மகன் ஜகாங்கீர் 1617இல் புகைப்பதற்குத் தடை விதித்தார். தடை நிற்கவில்லை. அதற்குள் கடற்கரை ஊர்கள் வழியாக இலை உள்நாட்டுக்குள் பரவிவிட்டது.

அந்தக் கடற்கரை ஊர்களில் ஒன்று, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டிக்கு அருகில் இருக்கும் பழவேற்காடு. பழவேற்காட்டுக்கு டச்சுக்காரர்கள் 1610இல் வந்தார்கள். 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம் பழவேற்காடுதான். துணி வாங்குவதும் வெடிமருந்து செய்வதும் அவர்களுடைய பெரிய வேலைகள். அதே நூற்றாண்டில் டச்சு நாட்டின் கௌடா நகரம் வெண்களிமண் சுங்கான்களுக்குப் பெயர்பெற்றது. அங்கே சுங்கான் செய்வோர் 1660இல் தமக்கென ஒரு தொழிற்குழுவை அமைத்துக்கொண்டார்கள். கப்பலேறிய டச்சு மாலுமிக்கும் சிப்பாய்க்கும் களிமண் சுங்கான் அன்றாடப் பொருள். விலை மலிவு, எளிதில் உடையும், உடைந்தால் எறிந்துவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் உலகெங்கும் பழைய ஐரோப்பியக் குடியிருப்புகளைத் தோண்டும்போது இந்தத் துண்டுகள் குவியலாகக் கிடைக்கின்றன.

எறியப்பட்ட அந்தத் துண்டுகள் ஆய்வாளருக்குக் காலக்கணக்கைச் சொல்கின்றன. புகையிலை விலை குறையக் குறையக் கிண்ணம் பெரிதாயிற்று. தண்டு நீள நீள அதன் துளை சிறுத்தது. அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் கிடைத்த ஆங்கிலேயச் சுங்கான் துண்டுகளை அளந்த ஜே.சி. ஹாரிங்டன் 1954இல் இதை ஓர் ஒழுங்காக வகுத்தார். 1620க்கு முந்தைய தண்டுகளின் துளை பெரும்பாலும் அங்குலத்தில் 64இல் 9 பங்கு. 1680 முதல் 1720 வரை அது 6 பங்கு. 1750க்குப் பிறகு 4 பங்கு. பின்னர் லூயிஸ் பின்ஃபோர்ட் இதை ஒரு கணித வாய்பாடாக்கினார். ஆங்கிலேயச் சுங்கான்களுக்காக வகுத்த இந்தக் கணக்கை டச்சுச் சுங்கான்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. அங்கே அடிக்குமிழில் உள்ள முத்திரையும் கிண்ணத்தின் வடிவமும்தான் நம்பத்தக்க வழிகாட்டிகள். விரல் நீளத் துண்டுகள் பலவும் ஒரு துரப்பண ஊசியும் இருந்தால் ஒரு குடியிருப்பின் வயதை அணுகலாம் என்பது, கைவினைப் பொருள்களை நேசிப்பவர் எவருக்கும் மறக்க முடியாத செய்தி.

பழைய துறைமுக ஊர்களின் மணலில் இத்தகைய துண்டு கண்ணில் பட்டால் அதைப் பையில் போட்டுக்கொள்வது சேகரிப்பு ஆகாது. இந்தியச் சட்டம் நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களையும் கைவினைப் பொருள்களையும் தொல்பொருளாகக் கருதுகிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தனியாருக்கு உரிமையில்லை. மண்ணில் புதைந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. சட்டத்தை விடவும் பெரிய காரணம் ஒன்று உண்டு. துண்டு எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதே அதன் பொருள். இடத்தைவிட்டு எடுத்துவிட்டால் அது வெறும் சுட்ட மண்.

உக்காவின் கதை வேறு. அங்கே கருவிக்குத்தான் சிறப்பு. பீதர் நகரக் கைவினைஞர்கள் துத்தநாகமும் செம்பும் கலந்த உலோகத்தில் வெள்ளிக் கொடிகளைப் பதித்து, பின்னர் உலோகத்தைக் கறுக்கச் செய்து உருவாக்கிய உக்கா அடிக்கலங்கள் ஐதராபாத் சாலார்ஜங் அருங்காட்சியகத்திலும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் உள்ளன. 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் வாழ்ந்த வசதியுள்ள ஆங்கிலேயர் உக்காவைக் கவனிப்பதற்கென்றே ஒரு வேலைக்காரரை வைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பழக்கம் மங்கி, அவர்கள் கைக்குச் சுருட்டு வந்து சேர்ந்தது. திருச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் அது நல்ல காலமாயிற்று.

சுங்கானில் விருப்பம் என்பது முதலில் எதனால் செய்தது என்பதைப் பற்றியது. களிமண் எந்தச் சுவையையும் சேர்க்காது. இலையின் குணம் கலப்பில்லாமல் தெரியும். ஆனால் விரலைச் சுடும். கடல்நுரை எனப் பொருள்படும் ஜெர்மன் பெயரால் மீர்ஷாம் என்று அழைக்கப்படும் வெண்கனிமம் துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் கிடைக்கிறது. கத்தியால் செதுக்கும் அளவுக்கு மென்மையானது; செதுக்கி முடித்துத் தேன்மெழுகில் தோய்ப்பார்கள். புகைக்கப் புகைக்க வெண்மை மறைந்து, தேன் நிறமாகி, பின்னர் ஆழ்ந்த பழுப்பாகும். அந்த நிறமாற்றத்துக்காகவே மீர்ஷாமை விரும்புவோர் உண்டு. சூடாக இருக்கும்போது வெறுங்கையால் கிண்ணத்தைத் தொட்டால் விரல் பட்ட இடத்தில் நிறம் ஒன்றுபோலப் படராது என்று தண்டைப் பிடித்தே அதைக் கையாளுகிறார்கள்.

இவையிரண்டையும் பின்னுக்குத் தள்ளியது பிரையர் என்னும் வேர்க்கட்டி. நடுநிலக் கடலைச் சுற்றிய வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் எரிகா என்ற புதர்ச்செடியின் தண்டும் வேரும் கூடும் இடத்தில், மண்ணுக்கடியில் ஒரு முண்டு திரளும். பஞ்சகாலத்துக்கு நீரும், காட்டுத்தீக்குப் பின் மறுபடி துளிர்க்கும் உயிரும் அதில்தான் இருக்கின்றன. தீயைத் தாங்குவதற்கென்றே செடி வளர்த்துக்கொண்ட உறுப்பு, தீயை ஏந்தும் கிண்ணத்துக்கு ஏற்றதாக அமைந்தது வியப்பில்லை. பல பத்தாண்டுகள் வளர்ந்த கட்டிகளைத் தோண்டி, ஈரம் காயாமல் காத்து, அறுத்து, பல மணி நேரம் வேகவைத்து, மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் உலர்த்துகிறார்கள். 1850களில் பிரான்சின் ஜூரா மலையிலுள்ள செயின்ட் குளோட் ஊரில் இது பெருந்தொழிலாக வளர்ந்தது. மரத்தின் ரேகைதான் சேகரிப்பாளர் கண் முதலில் போகும் இடம். கிண்ணத்தின் அடியிலிருந்து விளிம்புவரை கோடு கோடாக ஓடினால் நேர்ரேகை. அதே மரத்தை வேறு திசையில் அறுத்தால் சிறு சுழிகள் தெரியும்; அதற்குப் பறவைக்கண் என்று பெயர். நேர்ரேகைக்கு விலை பலமடங்கு. புகையின் சுவைக்கும் ரேகைக்கும் தொடர்பில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த விலை கண்ணுக்காகக் கொடுக்கும் விலை.

மலிவும் எளிமையும் விரும்புவோருக்கு மக்காச்சோளச் சக்கை உண்டு. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் வாஷிங்டன் என்ற சிற்றூரில் ஹென்றி டிப்பி என்ற மரக்கடைசல்காரர் 1869இல் தொடங்கிய அந்தத் தொழில் இன்றும் நடக்கிறது. அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரின் படங்களில் காணப்படுவது இவ்வகையின் நெடிய வடிவம். இந்தியாவில் ஈட்டி, சீஷம் மரங்களிலும் சுங்கான் கடைவதுண்டு. அலமாரிக்கு அழகு, ஆனால் நாள்தோறும் தீயைத் தாங்கும் உறுதி அவற்றுக்குப் பிரையர் அளவுக்கு இல்லை.

மூங்கிலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கிண்ணத்துக்கும் வாய்க்குழலுக்கும் இடையில் கணுக்கள் நெருங்கிய மூங்கில் துண்டைப் பொருத்துவது ஐரோப்பியச் சுங்கான்களில் ஒரு விரும்பப்படும் வேலைப்பாடு. எடை குறையும், புகை சற்று ஆறி வரும், மூங்கிலும் நாளடைவில் நிறம் ஏறி அழகு பெறும். திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திருப்பாச்சூர் என்ற ஊரின் பெயரிலேயே மூங்கில் இருக்கிறது. பாசு என்றால் மூங்கில். அங்குள்ள வாசீஸ்வரர் கோயிலின் தலமரமும் அதுவே. மூங்கில் காட்டை வெட்டும்போது வாச்சி பட்ட தழும்போடு இறைவன் வெளிப்பட்டார் என்பது தலவரலாறு. வாச்சி என்பது தச்சர் மரத்தைச் செதுக்கும் கருவி. மூங்கிலும் வாச்சியும் ஊர்ப்பெயரிலும் இறைவன் பெயரிலும் நிலைத்துவிட்ட ஒரு மண்ணில், மரவேலை நுட்பத்தை மக்கள் எவ்வளவு அணுக்கமாக அறிந்திருந்தார்கள் என்பது தெரிகிறது. கணு நெருங்கிய மூங்கிலை எப்போது வெட்டினால் வெடிக்காது, எப்படி நிழலில் உலர்த்த வேண்டும் என்ற அறிவு, கூடை முடைவோரிடமும் புல்லாங்குழல் செய்வோரிடமும் இன்னும் இருக்கிறது.

வடிவத்தில் விருப்பம் பயனோடு பிணைந்தது. நேர்த்தண்டு உடையதைத் துடைப்பது எளிது. பஞ்சு சுற்றிய கம்பி தடையில்லாமல் கிண்ணம்வரை போகும். வளைந்த தண்டு தாடையோடு ஒட்டித் தொங்குவதால் பல்லுக்குப் பாரம் குறைவு. ஆனால் வளைவில் ஈரம் தேங்கிக் களகளக்கும். டப்ளின் நகரின் சார்லஸ் பீட்டர்சன் 1890இல் காப்புரிமை பெற்ற அமைப்பு, இந்த ஈரம் தங்குவதற்குத் தண்டுக்குள்ளேயே ஒரு குழியை ஒதுக்கியது. வேலை செய்துகொண்டே வாயில் வைத்திருக்க விரும்புவோர் எடை குறைந்ததைத் தேடுவார்கள். நாற்காலியில் சாய்ந்து கையில் ஏந்துவோருக்குப் பருத்த கிண்ணம் பிடிக்கும். நீண்ட தண்டுள்ள சர்ச்வார்டன் வகை, படிக்கும்போது புகை கண்ணில் படாமல் காக்கும். ஷெர்லாக் ஹோம்ஸ் என்றதும் நினைவுக்கு வரும் வளைந்த சுங்கான் கதைகளில் வந்ததல்ல. மேடையில் அந்த வேடமேற்ற வில்லியம் ஜில்லெட் வழியாக வளைந்த வடிவம் அந்தப் பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டது.

செய்தவர் பெயர் மேல் விருப்பம் வைப்பவர்கள் இன்னொரு வகை. லண்டனில் ஆல்ஃபிரட் டன்ஹில் 1907இல் கடை திறந்து, 1910இல் சொந்தமாகச் சுங்கான் செய்யத் தொடங்கினார். வாய்க்குழலின் மேற்பக்கத்தில் அவர் பதித்த வெள்ளைப் புள்ளி, எந்தப் பக்கம் மேலே என்று காட்டுவதற்காகவே வந்தது. பின்னர் அதுவே முத்திரையாயிற்று. மென்மையான அல்ஜீரியப் பிரையரின் மேல் மணலைப் பீய்ச்சி, இளகிய பகுதி உதிர்ந்து ரேகை மேடாக நிற்கும்படி செய்ததும் அங்கேதான் பெயர்பெற்றது. இத்தாலியின் சாவினெல்லி 1876இல் தொடங்கிய வணிகம். டென்மார்க்கில் சிக்ஸ்டென் இவர்சன் மரத்தின் ரேகைக்கேற்ப வடிவத்தை மாற்றிச் செதுக்கும் வழியைக் காட்டினார். அவருக்குப் பிறகு சுங்கான் வெறும் கடைசல் வேலையாக இல்லாமல் சிற்பத்தோடு உறவு கொண்டது.

இனி இலை. சுங்கானுக்கான இலைகளின் குணம், பெரும்பாலும் உலர்த்தும் முறையில் பிறக்கிறது. சூடான காற்றைக் குழாய்களில் செலுத்தி உலர்த்திய வர்ஜீனியா, சர்க்கரை குறையாமல் இனிப்பும் புல்வாசனையும் தரும். கொட்டகையில் காற்றாட உலர்ந்த பர்லியில் இனிப்பு இல்லை, கொட்டைப்பருப்பின் சாயல். லூசியானாவின் பெரிக், பீப்பாயில் அழுத்தி வைத்துப் புளிக்கச் செய்தது, மிளகுபோல் உறைக்கும். சிரியாவிலும் சைப்ரஸிலும் பிறந்த லடாக்கியா, மணமுள்ள விறகுப் புகையில் பல வாரம் தொங்கிக் கருகருவென்று ஆனது. லடாக்கியா புகைத்த கிண்ணத்தில் அந்த வாடை ஏறிவிடும். பிறகு எந்த மெல்லிய இலையை இட்டாலும் அதுதான் மேலோங்கும். எனவே ஒவ்வொரு வகை இலைக்கும் ஒரு சுங்கானை ஒதுக்கிவைப்பது பழக்கம். சேகரிப்பு பெருகுவதற்கு இது பெரிய காரணம். இன்னொன்று, ஒருமுறை புகைத்த பிரையர் ஈரம் ஆற ஒரு நாளாவது ஓய்வு கேட்கும் என்பது.

புகையில் உலர்த்தும் இந்த நுட்பத்தைத் தமிழர் தனியே அறிந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப் பொச்சுமட்டையை எரித்து அந்தப் புகையில் இலையைப் பதப்படுத்துவார்கள். அப்படிப் பாடம் செய்த யாழ்ப்பாணப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போயிற்று. அங்கே மெல்லுவோர் கேட்டது அந்தப் புகைவாடையுள்ள இலையைத்தான். வேறு இலை அந்தச் சந்தையில் எளிதில் விலைபோகவில்லை. திருவிதாங்கூர் அரசு அந்த வணிகத்தைத் தன் கையில் வைத்துப் பெரும் வருவாய் ஈட்டியது. மேலைநாட்டில் லடாக்கியா விரும்பி கருவியைத் தேர்ந்தார் என்றால், திருவிதாங்கூரின் வெற்றிலைப் பிரியர் பொச்சுமட்டைப் புகையைத் தேர்ந்தார். இரண்டும் ஒரே நுண்மையுள்ள நாவின் செயல்.

தமிழ்நாட்டு உள்நாட்டில் திண்டுக்கல் வட்டாரம் இலைக்குப் பெயர்போனது. ஊசிக்கப்பல், கருங்கப்பல் என்று உழவர்கள் இலையின் வடிவத்தையும் நிறத்தையும் வைத்தே பெயரிட்டார்கள். மண்ணும் கிணற்று நீரும் மாறினால் இலை எரியும் விதமே மாறும். நீரில் உப்பு, குறிப்பாகக் குளோரைடு, கூடினால் இலை சரியாகக் கனியாமல் அணைந்து அணைந்து போகும். மெல்லுவதற்கு ஆகும் இலை சுருட்டுக்கு ஆகாமல் போவது இதனால்தான். 1947இல் ராஜமுந்திரியில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அதன் கிளை 1948இல் வேடசந்தூரில் வந்ததற்குச் சுருட்டு இலையும் மெல்லும் இலையும் விளையும் இந்தப் பகுதியின் தனித்தன்மையே காரணம். பாடம் செய்யும்போது கருப்பட்டி நீர் தெளிப்பது மெல்லும் இலைக்கு உரிய வழக்கம். எத்தனை முறை தெளிக்க வேண்டும், அடுக்கை எப்போது பிரித்து மாற்றிக் கட்ட வேண்டும் என்பதைக் கையால் தொட்டும் முகர்ந்தும் சொல்லக்கூடியவரே அந்தத் தொழிலில் மதிக்கப்பட்டார்.

சுருட்டு என்ற தமிழ்ச் சொல் உலகைச் சுற்றியது. ஆங்கிலத்தில் செரூட், போர்ச்சுகீசியத்தில் சருதோ, மலாயில் செருத்து. சுற்றிச் சுருட்டியது என்ற எளிய வினைச்சொல் இத்தனை மொழிகளுக்குப் போயிற்று. திருச்சியின் ஒரு பகுதியான உறையூரில் சுருட்டை உருட்டும் முறை இது. சிறு துணுக்கு இலைகளை உள்ளே வைத்து, அகன்ற இலையைச் சாய்வாகச் சுற்றி, பசையிட்டு ஒட்டி, இரு முனையையும் நறுக்கிவிடுவார்கள். கியூபாச் சுருட்டின் தலை மூடியிருக்கும், பிடிப்பவர்தான் வெட்ட வேண்டும். திருச்சிச் சுருட்டின் இரு முனையும் திறந்தவை. உள்ளே இறுக்கம் கூடினால் புகை வராது, குறைந்தால் வெப்பம் ஏறி நாவைக் கடிக்கும். அந்த இறுக்கத்தை அளக்க எந்தக் கருவியும் இல்லை. உருட்டும் உள்ளங்கைதான் அளவுகோல்.

சென்னையில் 1863இல் தொடங்கிய வணிகத்திலிருந்து வளர்ந்த ஸ்பென்சர் கம்பெனி, திண்டுக்கல்லில் சுருட்டு ஆலை நடத்தியது. 'லைட் ஆஃப் ஏசியா' என்ற அதன் சுருட்டு பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் அறியப்பட்டது. சர்ச்சில் பிடித்தது எங்கள் சுருட்டுதான் என்று உறையூரிலும் சொல்வார்கள், திண்டுக்கல்லிலும் சொல்வார்கள். அவர் வாழ்நாளெல்லாம் விரும்பியது கியூபாச் சுருட்டு என்பது நன்கு அறியப்பட்ட செய்தி. திருச்சிச் சுருட்டின் புகழுக்குச் சர்ச்சில் தேவையுமில்லை. 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதற்கதையிலேயே, தரையில் கிடந்த கரிய சாம்பலை வைத்துக் கொலையாளி பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்கிறார். 1890இல் வந்த இரண்டாம் நாவலில், 140 வகைச் சாம்பல்களைப் பற்றி அவர் எழுதிய ஆய்வில் இந்திய 'லங்கா'வும் இடம்பெறுகிறது. அது கோதாவரி ஆற்றிடைத் திட்டுகளில் விளையும் இலை. லண்டன் வாசகர் விளக்கம் கேட்காமலே புரிந்துகொள்ளும் அளவுக்கு அந்தப் பெயர்கள் பழகியிருந்தன. உறையூரின் பெயர் தெரியாத தொழிலாளர்களுக்கு உலக இலக்கியம் தந்த சான்றிதழ் இது. ஊரார் பெருமையோடு சொல்லத்தக்கது.

யாழ்ப்பாணத்துச் சுருட்டு வணிகர்கள் இலங்கையின் தென்பகுதிச் சிங்கள ஊர்களெங்கும் கடை வைத்திருந்தார்கள். சுருட்டுக்கடை என்பது அங்கே பலசரக்குக் கடைக்கு ஒரு பெயராகவே ஆனது. தீவுப்பகுதிகளைச் சேர்ந்த பல குடும்பங்களின் வரலாறு அந்தக் கடைகளின் கணக்கேடுகளில் இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த இலை உடலுக்குச் செய்வதை மழுப்பாமல் சொல்லியாக வேண்டும். சுங்கான் புகையையும் சுருட்டுப் புகையையும் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் கேடில்லை என்பது பரவலான நம்பிக்கை. சிகரெட்டுப் புகை சற்று அமிலத்தன்மை உள்ளது. அதன் நிகோடின் உடலில் சேர நுரையீரல் வரை போக வேண்டும். காற்றில் உலர்ந்த சுருட்டு இலையின் புகை காரத்தன்மை உள்ளதால், வாயின் மெல்லிய தோல் வழியாகவே நிகோடின் இரத்தத்தில் கலக்கிறது. உள்ளே இழுக்கத் தேவையில்லை என்பதன் காரணம் இதுதான். அது பாதுகாப்பு அன்று. உதடு, நாக்கு, தொண்டை, உணவுக்குழல் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. சுங்கான் பிடிப்போரின் உதட்டில் புற்று வருவதை ஜெர்மன் மருத்துவர் சோமரிங் 1795இலேயே குறித்திருக்கிறார். ஆந்திரத்தின் வடகடற்கரையில் எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிக்கும் வழக்கமுள்ள பெண்களிடம் மேலண்ணப் புற்றுநோய் காணப்படுவது மருத்துவ நூல்களில் நன்கு பதிவானது. 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாற்றில் எழுந்த புற்றுநோய் மருத்துவமனையின் நீண்ட பணியில் புகையிலைக்கு எதிரான விழிப்புணர்வுக்கு முக்கிய இடம் உண்டு. அழகை அறிவதற்குப் புகைக்க வேண்டியதில்லை. இந்தத் துறையில் மதிக்கத்தக்க சேகரிப்பாளர், புகைக்காமல் சேகரிப்பவரே.

2003ஆம் ஆண்டின் சட்டம் புகையிலைப் பொருள்களின் விளம்பரத்தைத் தடுக்கிறது. 18 வயதுக்குட்பட்டோருக்கும், கல்விக்கூடங்களிலிருந்து நூறு கெஜத்துக்குள்ளும் விற்கக் கூடாது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பது தடைசெய்யப்பட்டது; தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் இதில் அடங்கும்.

தமிழ்நாட்டில் இத்துறையில் சேகரிக்கத்தக்கவை எவை? சுருட்டு எரிந்து போனாலும் அதைச் சுற்றி இருந்தவை போகவில்லை. மரச் சுருட்டுப் பெட்டிகள், அவற்றின் மூடியில் ஒட்டிய வண்ண லேபிள்கள், விலைப்பட்டியல்கள், பொடி டப்பாக்கள், கடைகளின் தகரப் பலகைகள், இலையை நறுக்கிய கத்திகள், உருட்டிய பலகைகள், குயவர் சுட்ட சிலும்பிகள். லேபிள்களில் அந்தக் காலத்து அச்சுக்கலையும், வணிகர் எந்த உருவத்தை மக்கள் விரும்புவார்கள் என்று கணித்தார் என்பதும் தெரியும். இவற்றுள் முதலில் காக்க வேண்டியவை உருட்டிய பலகையும் கத்தியும்தான். பெட்டியும் லேபிளும் யாராவது ஒருவர் அழகுக்காக எடுத்து வைத்திருப்பார். தேய்ந்த பலகையை அடுப்புக்குத்தான் போடுவார்கள். தொழில் சுருங்கிவரும் ஊர்களில் இது இப்போதே நடந்துகொண்டிருக்கிறது.

கடலோரக் காற்றில் இவற்றைக் காப்பது தனி வேலை. பிரையர் கிண்ணத்தில் ஈரம் தங்கினால் மழைக்காலத்தில் பூஞ்சை படரும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் உறையைவிடப் பருத்தித் துணிப் பையே நல்லது. கிண்ணத்துக்குள் படிந்த கரிப்பூச்சு ஒரு காசின் தடிமனுக்கு மேல் போனால் மரம் வெடிக்கும். சுரண்டி மெல்லியதாக விட வேண்டும். எபனைட் என்னும் கருப்புக் கடினரப்பரால் ஆன வாய்க்குழல் வெயில் பட்டால் பச்சை கலந்த பழுப்பாக மாறி, கந்தக வாடை வீசும். வெளிச்சம் படாத இடத்தில் வைத்தால் நெடுநாள் கறுப்பாகவே இருக்கும். சூடு ஆறுமுன் வாய்க்குழலைக் கழற்றினால் மரத்தண்டு விரிசல் விடும். மீர்ஷாமுக்குத் தண்ணீர் ஆகாது. உலர்ந்த மென்துணி போதும். லேபிள் காகிதத்தைச் சாதாரணப் பசையால் ஒட்டக் கூடாது. கரப்பானும் இராமபாணப் பூச்சியும் முதலில் தேடுவது அந்தப் பசையைத்தான்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு வேண்டும். பொருளின் பெயர், ஊரார் அதற்கு வழங்கும் சொல், எதனால் ஆனது, நீளமும் எடையும், முத்திரை இருந்தால் அதன் படம், எந்த ஊரில் எந்த ஆண்டு யாரிடமிருந்து கிடைத்தது, அதைப் பயன்படுத்தியவர் அதைப் பற்றிச் சொன்னது என்ன என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை அன்றைக்கே, அவர் பேசிய சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். உள்ளங்கையின் இறுக்கத்தைப் பற்றி ஒரு முதிய சுருட்டுத் தொழிலாளி சொல்லும் இரண்டு வாக்கியம், அவர் பயன்படுத்திய பலகையோடு சேர்ந்தே ஒரே பெட்டியில் இருக்க வேண்டும்.